அத்தையும் ஆட்டோமாடிக் கேட்டும்

மீஞ்சூரில் "கேட் போட்டாச்சு" என்று யாராவது சொன்னால், வீட்டு கேட்டைப் பற்றிச் சொல்கிறார் என்று ஒருவரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ரயில்வே கேட்டைத்தான் நினைப்பார்கள். உடனே கடிகாரத்தைப் பார்ப்பார்கள். சென்னையிலிருந்து கூடூர் செல்லும் ரயில் பாதையில், நந்தியம்பாக்கத்துக்கும் அனுப்பம்பட்டுக்கும் இடையே இருக்கிறது எங்கள் ஊர். ஏகாம்பரநாதர், வரதராஜப் பெருமாள் இருவருமே இங்கே கோயில் கொண்டிருப்பதால், 'வடகாஞ்சி' என்று பெரியவர்கள் பெருமையோடு சொல்வதுண்டு. நான் கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த புதிதில், கூட்ஸ் வண்டியின் பெட்டிகளை எண்ணிக்கொண்டு கேட்டருகே நின்ற நேரத்தில்தான் பாதி ஊர் எனக்குப் பழக்கமாயிற்று. "புதுசா வந்த பொண்ணா? எந்தத் தெரு?" என்று ஆரம்பிப்பார்கள். கடைசிப் பெட்டி கடப்பதற்குள் என் பிறந்த வீட்டுச் சரித்திரம் முழுவதையும் கேட்டு முடித்துவிடுவார்கள்!

ஆனால் இப்போது நான் சொல்ல வந்தது ரயில்வே கேட்டைப் பற்றியல்ல. எங்கள் வீட்டு கேட்டைப் பற்றி. ரயில்வே கேட்டிடம் நாங்கள் கற்றுக்கொண்ட பாடம் ஒன்று உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

எங்கள் வீட்டு கேட் இரட்டைக் கதவு. ஒவ்வொன்றும் ஆறடி அகலம். இரும்புச் சட்டத்தில் தகடு அடித்தது. மாமனார் இருந்த காலத்தில் பொன்னேரி பட்டறையில் செய்து, மாட்டு வண்டியில் ஏற்றி வந்தார்களாம். அந்த கேட்டுக்குக் காவல் தெய்வம் யார் என்றால் என் மாமியார்தான். காலை ஐந்து மணிக்குக் கொண்டியை நீக்கி வாசல் தெளித்துக் கோலம் போடுவதில் ஆரம்பித்து, இரவு கடைசி ஆள் வீடு திரும்பியபின் பூட்டுவது வரை எல்லாம் அவர் கையில்தான். வயது எழுபத்தொன்று. "எனக்கு நட்சத்திரமே கேட்டை. கேட்டை விட்டுட்டு நான் எங்கே போவேன்?" என்று அவரே சிலேடை பேசுவார்.

சென்ற ஐப்பசியில் ஒரு வியாழக்கிழமை. பத்திரிகை ஆபீஸில் இதழ் முடிக்கும் நாள். கடைசிப் பக்கத்தை அனுப்பிவிட்டு நான் ரயில் பிடித்து வந்து இறங்கும்போது இரவு மணி பத்தரை. அடை மழை. என் கணவர் காரோடு ஸ்டேஷனுக்கு வந்திருந்தார். வீட்டு வாசலில் கார் விளக்கின் வெளிச்சம் விழுந்ததும், உள்ளேயிருந்து அத்தை முக்காடு போட்டுக்கொண்டு ஓடி வருவது கேட்டின் இடுக்கு வழியாகத் தெரிந்தது.

"நீ இறங்காதே தம்பி, நனைஞ்சிடுவே! நான் வந்துட்டேன்!"

அதுதான் கேட்டது. அடுத்து ஒரு சத்தம். வாசல் சிமெண்டில் பாசி பிடித்திருந்தது. வலது மணிக்கட்டில் எலும்பு முறிவு. ஆறு வாரம் மாவுக்கட்டு.

அந்த ஆறு வாரமும் அவர் இடது கையால் கோலம் போட்டார். கோடுகள் வளைந்து நெளிந்து போவதைத் தினமும் காலையில் பார்த்துக்கொண்டே நான் ரயிலுக்குக் கிளம்புவேன். யாரும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

கட்டுப் பிரித்த அன்றே நாங்கள் இருவரும் தீர்மானித்துவிட்டோம். இனி யாரும் மழையில் ஓடி வந்து கேட் திறக்க வேண்டாம். மோட்டார் வைத்துவிடுவது! ரிமோட்டை அழுத்தினால் கேட் தானே திறக்கும். கார் உள்ளே வந்ததும் தானே மூடும். அத்தை நிம்மதியாகப் படுத்துத் தூங்கலாம்.

அத்தையிடம் சொன்னோம். அவர் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிரவில்லை.

"தானாத் திறந்தா மட்டும் நான் வரமாட்டேனா?" என்றார்.

அந்தக் கேள்விக்குள் எவ்வளவு விஷயம் இருக்கிறது என்பது அப்போது எங்களுக்குப் புரியவில்லை.

என் கணவருக்குக் கும்மிடிப்பூண்டியில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் சூப்பர்வைசர் உத்தியோகம். மோட்டார் என்றால் அவருக்குக் கல்யாண விருந்து மாதிரி. அடுத்த ஞாயிற்றுக்கிழமையே ஒரு கம்பெனிப் பிரதிநிதியை வரவழைத்துவிட்டார். வந்த பையன் வெகு சாமர்த்தியசாலி. அளவு நாடாவால் கேட்டின் அகலத்தை அளந்தான். ஒரு காகிதத்தில் படம் போட்டான். பத்தே நிமிஷத்தில் வேலை முடிந்தது. "ஆபீஸில் உட்கார்ந்தபடியே போனில் கேட்டைத் திறக்கலாம் மேடம். முப்பது விநாடியில் தானாகவே மூடிக்கும்" என்றான். அவன் போட்ட படத்தில் கேட் இருந்தது, தூண் இருந்தது, கார்கூட இருந்தது. மனிதர் ஒருவரும் இல்லை.

பத்திரிகைக்காரி புத்தி சும்மா இருக்குமா? இதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படிக்க ஆரம்பித்தேன். தானே திறக்கும் கதவு ஒன்றும் நேற்றைய ஆசை அல்ல என்று தெரிந்தது. கி.பி. முதல் நூற்றாண்டில் அலெக்ஸாந்திரியா நகரத்தில் ஹீரோ என்றொரு கணித மேதை இருந்தார். கோயில் கதவு தானே திறப்பதற்கு அவர் ஒரு யுக்தி எழுதி வைத்திருக்கிறார். பலிபீடத்தில் தீ மூட்டினால், அடியிலுள்ள காற்று சூடேறி விரியும். அது ஒரு பாத்திரத்திலுள்ள தண்ணீரைத் தொங்கும் வாளிக்குள் தள்ளும். வாளி கனத்துக் கீழே இறங்கும். அதோடு கட்டிய கயிறு கதவின் அச்சைச் சுழற்றும். தீ அணைந்தால் தண்ணீர் திரும்பிப் போய்க் கதவு மூடிக்கொள்ளும். பக்தர்கள் மெய்சிலிர்த்து நின்றிருப்பார்கள், சந்தேகமில்லை. கதவுக்குப் பின்னால் யாராவது நின்றால் என்ன ஆகும் என்பதுதான் எனக்குத் தோன்றிய சந்தேகம்.

அந்தச் சந்தேகம் வீண் போகவில்லை. 2010-ஆம் வருஷம் இங்கிலாந்தில் மான்செஸ்டரிலும், வேல்ஸ் நாட்டில் பிரிட்ஜெண்ட் என்ற ஊரிலும், ஒரே வார காலத்துக்குள் இரண்டு சிறுமிகள் மின்சார கேட்டில் சிக்கி இறந்துபோனார்கள். ஒருத்திக்கு ஆறு வயது, இன்னொருத்திக்கு ஐந்து. அவை பக்கவாட்டில் நகரும் கேட்டுகள். எங்களுடையது கீலில் திரும்பும் கேட். ஆனால் மோட்டாருக்குக் கண் கிடையாது என்பது இரண்டுக்கும் பொது. அதற்குப் பிறகு அந்த நாட்டுப் பாதுகாப்புத் துறை எச்சரிக்கை அறிக்கைகள் வெளியிட்டது. அழுத்தும் விசைக்கு ஐரோப்பாவில் ஓர் எல்லை வைத்திருக்கிறார்கள். அரை மீட்டருக்குக் குறைந்த இடைவெளியில் கேட் ஓர் ஆளை நெருக்கினால், அந்த விசை 400 நியூட்டனைத் தாண்டக் கூடாது. அதாவது ஏறக்குறைய நாற்பது கிலோ பாரம். அதுவும் முக்கால் விநாடிக்குள் தளர்ந்துவிட வேண்டும்.

எங்கள் வீட்டிலும் நாலு வயதில் ஒரு வாண்டு இருக்கிறாள். கேட்டின் கீழ்க் கம்பியில் ஏறி நின்று "ஆயா, தள்ளு!" என்று ஊஞ்சலாடுவது அவளுடைய நித்திய காரியம். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. வேண்டாம் என்று விட்டுவிடலாமா என்றுகூட யோசித்தேன். விட்டால் அடுத்த ஐப்பசியிலும் அத்தை ஓடி வருவார். ஆக, இரண்டு பயத்துக்கும் நடுவே ஒரு வழி கண்டுபிடித்தாக வேண்டும்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அந்தக் காகிதப் படத்தை வாசலில் தரையிலேயே போட்டுப் பார்த்துவிடுவோம் என்று அவர் ஒரு கயிற்றைக் கீலில் கட்டினார். ஆறடியில் முடிச்சுப் போட்டு, முனையில் சாக்கட்டியைக் கட்டி இழுத்தார். கோடு விட்டு விட்டு விழுந்தது.

"தள்ளு, நான் போடறேன்" என்றார் அத்தை. கோலமாவைக் கையில் எடுத்தார். கயிற்றின் ஓரமாக நடந்துகொண்டே இழை விட்டார் பாருங்கள்! முறிந்த கைதான். அச்சு வார்த்ததுபோல் வில்லாக ஒரு கோடு விழுந்தது. இடப்பக்கக் கதவுக்கு ஒரு வில், வலப்பக்கத்துக்கு ஒரு வில்.

போட்டு முடித்துவிட்டு நின்று பார்த்தார். பிறகு, "இதோ பாரு. என் கல்லு இதுக்குள்ள வருதே!" என்றார்.

முருங்கை மரத்தடியில், காம்பவுண்டு சுவரை ஒட்டி ஒரு பழைய துவைக்கிற கல் கிடக்கிறது. சாயங்காலம் அத்தை கீரை ஆய்வது, பூத் தொடுப்பது எல்லாம் அதன் மேல் உட்கார்ந்துதான். கேட் முழுக்கத் திறந்தால் அதற்கும் பக்கச் சுவருக்கும் இடையே ஒரே அடிதான் மிச்சம். அந்த ஓரடிக்குள் அத்தை!

நாங்கள் எல்லாரும் கேட் மூடுவதைப் பற்றியே பயந்துகொண்டிருந்தோம். கேட் திறப்பதிலும் ஆபத்து உண்டு என்பது கோலமாவில்தான் எங்களுக்குத் தெரிந்தது. தூணுக்குத் தூண் எதிரெதிரே வைக்கும் ஒளிக்கண், குறுக்கே ஆள் வந்தால் கேட்டை நிறுத்திவிடும், உண்மைதான். ஆனால் அது பார்ப்பது வாசல் கோட்டை மட்டும். கதவு திரும்பி வந்து நிற்கும் மூலை அதன் பார்வைக்குத் தெரியாது. அதற்கு உள்பக்கம் இன்னொரு ஜோடி ஒளிக்கண் வேண்டும். பிரதிநிதிப் பையனின் படத்தில் ஒரு ஜோடிதான் இருந்தது.

வாசகிகளில் யாராவது இந்த யோசனையில் இருந்தால், முதலில் கோலமாவை எடுங்கள் என்றுதான் சொல்வேன். கேட் எந்தெந்த இடத்தைக் கூட்டிக்கொண்டு போகும் என்று தரையில் பாருங்கள். அந்த வில்லுக்குள் குழாயடி வருகிறதா, குழந்தையின் மூன்று சக்கர வண்டி நிற்குமா, வேலைக்காரம்மாள் பாத்திரம் கவிழ்ப்பாளா என்று பாருங்கள். திறந்த கதவுக்கும் சுவருக்கும் நடுவே அரை மீட்டராவது இடம் இல்லையென்றால், அந்த மூலையில் ஆள் நுழைய முடியாதபடி அடைத்துவிட வேண்டும். நாங்கள் கல்லை மரத்துக்கு அந்தப் பக்கம் நகர்த்தினோம். மூலையில் கனமான பூந்தொட்டிகள் வைத்தோம். கல்லை நகர்த்த நாலு ஆள் வேண்டியிருந்தது. அத்தை ஒப்புக்கொள்ள இரண்டு நாள் வேண்டியிருந்தது.

காரின் விஷயமும் அந்தக் கோலத்திலேயே தெரிந்துபோயிற்று. கார் பன்னிரண்டு அடி நீளம். அதன் பின்பக்கம் வில்லுக்கு உள்ளே நின்றால், மூடுகிற கதவு பம்பரில் இடிக்கும். வீட்டுப் படியிலிருந்து கேட் வரை பத்தொன்பது அடி. துளசி மாடத்துக்கு இரண்டடி போனால் பதினேழு. பம்பருக்கும் கதவுக்கும் நூல் இழைதான் மிச்சம். "மாடத்தை ஓரமாக…" என்று என் கணவர் ஆரம்பித்தார். அத்தை பார்த்த பார்வையில் அந்த வாக்கியம் அப்படியே நின்றுவிட்டது. காரை மாடத்துக்குப் பக்கவாட்டில் விடுவது என்று முடிவாயிற்று. மோட்டாருக்கு வேண்டுமானால் கேட் பணியட்டும், துளசிக்குக் கார் பணியத்தான் வேண்டும்!

அடுத்தபடியாக வெல்டிங் பட்டறைக்காரர் வந்தார். அவர் கேட்டைக் கையால் ஆட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "இந்தக் கதவுக்கு மோட்டார் வெச்சா, நோயாளிக்கு ஜரிகை வேட்டி கட்டின மாதிரிங்க" என்றார். கீல் இரண்டும் தேய்ந்து, கதவு ஒரு விரற்கடை சாய்ந்திருந்தது. எங்கள் பக்கத்து உப்பைத்தான் கேட்க வேண்டாமே! 1960-களின் இறுதியிலேயே மீஞ்சூர் வட்டாரத்து நிலத்தடி நீரில் கடல் நீர் கலக்கத் தொடங்கிவிட்டது. கடற்காற்றும் கூடச் சேர்ந்தால் இரும்பு எத்தனை நாள் தாங்கும்? மோட்டார் என்பது கேட்டின் நோயைத் தீர்க்கும் வைத்தியன் அல்ல. இருக்கிற நோயைத் தன்மேல் வாங்கிக்கொண்டு சாகிற வேலைக்காரன். இரண்டு விரலால் தள்ளினாலே கதவு சத்தமில்லாமல் நகர வேண்டும். அப்படி நகராத கேட்டுக்கு மோட்டார் வைக்கவே கூடாது என்று அவர் அடித்துச் சொன்னார்.

தகட்டையும் எடுத்துவிடச் சொன்னார். ஒரு கதவின் தகடு முப்பது சதுர அடி. மணிக்கு ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் காற்று நேராக வீசினால், முப்பது கிலோவுக்குக் குறையாத பாரத்தை அதன்மேல் சாய்த்து வைத்ததற்குச் சமம். சாதாரண மழைக்காற்றே அவ்வளவு வீசும். 2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயலில் எங்கள் தெருவில் தகர கேட்டுகள் பட்ட பாட்டை நான் பார்த்திருக்கிறேன். ஆகவே தகட்டுக்குப் பதில் கம்பி அழி. கம்பிகளுக்கு நடுவே குழந்தையின் தலை நுழையாத இடைவெளி. கீழ்க் கம்பியில் கால் வைத்து ஏற முடியாதபடி நெடுக்குக் கம்பிகளாகவே போடுவது என்று தீர்மானித்தோம். வாண்டுக்கு ஊஞ்சல் போயிற்று. அதற்கு நஷ்ட ஈடாக முருங்கைக்கிளையில் ஓர் ஊஞ்சல் கேட்டாள். முருங்கைக்கிளை ஒடியும் என்பதால், தாழ்வாரத்து உத்தரத்தில் கட்டித் தருவதாக ஒப்பந்தம் ஆயிற்று.

மோட்டாரில் மூன்று ஜாதி இருக்கிறது. கதவை நேராகத் தள்ளும் தண்டு ஒரு வகை. முழங்கை மாதிரி மடங்கி நீளும் கை இன்னொரு வகை. கீலுக்கு அடியில் மண்ணுக்குள் புதைப்பது மூன்றாவது. புதைப்பது கண்ணுக்குத் தெரியாது, அழகாகத்தான் இருக்கும். ஆனால் எங்கள் தெருவில் ரோடு போட்டுப் போட்டு வீட்டைவிட உயர்ந்துவிட்டது; மழைத் தண்ணீர் வாசலில்தான் வந்து நிற்கும். உப்புத் தண்ணீரில் மோட்டாரைக் குளிப்பாட்டுவானேன்? எங்கள் தூண் ஒன்றரை அடிச் சதுரம். கீல் அதன் உள் விளிம்பிலிருந்து வெகுவாகத் தள்ளி இருக்கிறது. அப்படிப்பட்ட தடித்த தூணுக்கு முழங்கைதான் பொருத்தம். தூணின் செங்கல்லில் ஆணியடித்தால் நிற்காது, கான்கிரீட் வார்க்க வேண்டும் என்று கொத்தனார் சொன்னார். வாசல் சிமெண்டைப் பெயர்த்துப் போடுவதற்கு முன்பே, ஒயர் போகும் பி.வி.சி. குழாய்களைப் புதைத்துவிடவும் சொன்னார்.

மின்சார விஷயத்தில் என் கணவர் வெகு கண்டிப்பு. மோட்டார் 24 வோல்ட்டில் ஓடுவதாக இருக்க வேண்டும்; மழையில் நனைந்த கேட்டை ஈரக் கையோடு தொடுகிறவர்கள் நாம்தான். வீட்டிலிருந்து வரும் 230 வோல்ட் லயனுக்கு நல்ல எர்த்தும், 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே அறுத்துவிடும் பாதுகாப்பு ஸ்விட்சும் வேண்டும். பலகைப் பெட்டிக்குள் பல்லியும் எறும்பும் புகாமல் ஓட்டைகளை அடைக்க வேண்டும். மீஞ்சூர்ப் பல்லிக்கு எலெக்ட்ரானிக்ஸில் அபார மோகம். எங்கள் இன்வெர்ட்டரே சாட்சி.

இப்போது ரயில்வே கேட்டின் பாடத்துக்கு வருகிறேன். 'இன்டர்லாக்கிங்' செய்த ரயில்வே கேட்டில் ஓர் ஒழுங்கு உண்டு. கேட்டை மூடிப் பூட்டாதவரை ரயிலுக்கு சிக்னல் விழாது. சிக்னல் கொடுத்த பிறகு கேட்டைத் திறக்கவும் முடியாது. கேட்மேன் மறந்தாலும் இயந்திரம் மறக்காதபடி ஒன்றோடொன்றைப் பிணைத்து வைத்திருக்கிறார்கள். எந்தக் காரியம் முதலில், எது பிறகு என்று முன்கூட்டியே முடிவு செய்தாகிவிட்டது.

எங்கள் கேட்டுக்கும் அப்படி ஓர் ஒழுங்கு வகுத்தோம். கேட் அசைவதற்கு மூன்று விநாடி முன்பே தூண்மேல் விளக்கு மினுக்க வேண்டும். பிறகுதான் கதவு நகர வேண்டும். எதன்மேலாவது பட்டால் நின்று, பின்வாங்க வேண்டும். தானாக மூடுகிற ஏற்பாடு வேண்டாம். ஆள் பார்த்துத்தான் மூடவேண்டும். போனில் திறக்கிற வசதியும் வேண்டாம். கண்ணால் பார்க்காத கேட்டைத் திறக்கக் கூடாது. இதைச் சொன்னபோது பிரதிநிதிப் பையனுக்கு முகம் விழுந்துவிட்டது. "எல்லாரும் அதைத்தானே மேடம் விரும்பிக் கேட்கிறாங்க?" என்றான். நைட் ஷிப்ட் முடிந்து என் கணவர் வீடு திரும்புவது காலை ஆறு மணிக்கு. அத்தை கேட்டருகே குனிந்து கோலத்துக்குச் செம்மண் இட்டுக்கொண்டிருப்பதும் சில நாள் அந்நேரம்தான். இதை அவனுக்கு எப்படிச் சொல்வது?

ஒளிக்கண்ணின் உயரத்தைக்கூட அதற்காகவே பார்த்தோம். காரை மட்டும் நினைத்து உயரமாக வைத்தால், குனிந்து கோலம் போடுகிறவர் அதன் கீழே மறைந்துவிடுவார். தரையிலிருந்து அரை மீட்டரில் வைத்தால் குனிந்தவரும் தப்பமாட்டார், குழந்தையும் தப்பாது.

இவ்வளவும் ஆன பிறகு, அத்தைக்கு நேரில் காட்டிவிடலாம் என்று பொன்னேரியில் தெரிந்தவர் வீட்டுக்குக் கூட்டிப்போனோம். அங்கே இரண்டு வருஷமாக இந்த கேட் ஓடுகிறது. வீட்டுக்காரர் ரிமோட்டை அழுத்தினார். விளக்கு மினுக்கிற்று, கதவு கல்யாணப் பெண் மாதிரி மெள்ள நகர்ந்து திறந்தது. எல்லாரும் மகிழ்ந்தோம்.

அத்தை மட்டும், "கரண்டு இல்லேன்னா?" என்று கேட்டார்.

"பாட்டரி இருக்கும்மா. பல தடவை திறக்கும்."

"ரெண்டு நாள் கரண்டு இல்லேன்னா?"

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது எங்கள் தெரு இரண்டு நாள் இருட்டில் கிடந்தது. அத்தை அதை மறக்கவில்லை.

"அதுக்கு ஒரு சாவி இருக்கு. அதைத் திருப்பினா மோட்டாரிலிருந்து கதவு விடுபட்டுக்கும். கையாலேயே தள்ளலாம்" என்றார் வீட்டுக்காரர்.

"எங்கே, காட்டுங்க."

தேடினார்கள். செருப்பு அலமாரியில் தேடினார்கள். மீட்டர் பெட்டியில் தேடினார்கள். மேஜை இழுப்பறையைக் கவிழ்த்தார்கள். இருபது நிமிஷம் கழித்து, சாவி பூஜை அறையில் விபூதி மரவைக்குப் பின்னால் கிடைத்தது. யார் வைத்தது என்று அந்த வீட்டில் ஒரு சின்னப் போர் மூண்டது. அத்தை அதையெல்லாம் கவனிக்காமல் சாவியை வாங்கி, முறிந்து கூடிய அந்த வலது கையாலேயே திருப்பிப் பார்த்தார். முதலில் வரவில்லை. துருவேறி இறுகியிருந்தது. இடது கையையும் சேர்த்துக்கொண்டு திருப்பினார். 'டக்' என்று விடுபட்டது. கதவைத் தள்ளினார். கதவு திறந்தது.

வண்டியில் திரும்பும்போது அத்தை வெகுநேரம் பேசவில்லை. மீஞ்சூர் எல்லை வந்ததும், "சாவி எங்கிட்டத்தான் இருக்கணும். மாசா மாசம் அமாவாசையன்னிக்கு ஒரு தரம் திருப்பிப் பார்க்கணும். துரு ஏறப்படாது" என்றார்.

மோட்டாருக்கு அத்தையின் சம்மதம் கிடைத்தது அப்படித்தான். அவர் செய்த வேலையை ஓர் இயந்திரம் பிடுங்கிக்கொள்ளப் போகிறது என்று அவர் நினைத்திருந்தார். நாங்களும் அப்படித்தான் பேசியிருக்கிறோம். "இனி நீங்கள் வர வேண்டியதில்லை" என்று சொன்னோமே, அது அவர் காதில் எப்படி விழுந்திருக்கும்? இப்போதோ இயந்திரத்துக்கு ஓர் அதிகாரி தேவை என்றும், அது தாமே என்றும் தெரிந்துவிட்டது.

இன்னொரு காரியமும் அவர் சொல்லித்தான் சேர்த்தோம். பால்காரர், பூக்காரி, கீரைக்காரம்மாள், பக்கத்து வீட்டுக் குழந்தைகள் எல்லாருக்கும் இந்தப் பெரிய கேட்டைத் திறந்து மூடுவதா? "கோயில்லே பெரிய கதவுக்குள்ளே திட்டிவாசல் வெச்சிருக்காங்களே, எதுக்கு?" என்று கேட்டார். காம்பவுண்டு சுவரில் மூன்றடி இடித்து, கையால் திறக்கும் ஒரு சின்ன கேட் போடுவதென்று முடிவாயிற்று. மனிதர் போகும் வழி வேறு, வண்டி போகும் வழி வேறு என்று பிரிப்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய பாதுகாப்பு என்று நான் படித்த நெறிமுறைகளும் சொல்கின்றன. அத்தை அவற்றைப் படித்ததில்லை.

பழைய படத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, புதிதாக ஒரு பட்டியல் எழுதினேன். முதல் வரி, வாசல் சிமெண்டைப் பெயர்த்துச் சொரசொரப்பாகப் போடுவது. இரண்டாவது, படியருகே ஒரு கைப்பிடிக் கம்பி, மேலே ஒரு விளக்கு. மூன்றாவது திட்டிவாசல். நாலாவது கீலும் கதவும். ஐந்தாவது, தூணும் குழாயும். மோட்டார் ஆறாவதாகத்தான் வந்தது. என் கணவருக்கு இதில் கொஞ்சம் வருத்தம்தான்.

முதல் மூன்று வேலைகளும் முடிந்துவிட்டன. மற்றவை தை பிறந்ததும்.

சென்ற வியாழக்கிழமையும் இதழ் முடிக்கும் நாள். பத்தரை மணி, நல்ல மழை. கார் வாசலில் நின்றதும் என் கணவர் குடையோடு இறங்கி கேட்டைத் திறக்கப் போனார். உள்ளே புது விளக்கின் கீழே, சொரசொரப்பான படியில், கம்பியைப் பிடித்தபடி அத்தை நின்றிருந்தார்.

"மோட்டார் வந்த பிறகாவது தூங்குவீர்களா, அத்தை?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே போனேன்.

"கேட் தானாத் திறக்கும். சாப்பாடு தானாச் சூடாகுமா?" என்றார் அத்தை.